கரகரப்பு

மீடியம் வேவ் ரேடியோவை நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் திருப்பி வைத்துவிட்டு, அடுக்களையில் மிக்ஸியைப் போட்டுப் பாருங்கள். ரேடியோ அலறும். கோளாறு என்று சொல்லி அணைத்துவிடுவோம். ஆனால் கம்பியில்லாத் தொடர்பு பிறந்ததே இந்த அலறலில்தான். மிக்ஸி மோட்டாரின் கார்பன் பிரஷ் ஓரத்தில் தெறிக்கிற நீலப் பொறியும், 1887இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸின் மேசைமேல் தெறித்த பொறியும் ஒரே இனம். முதல் முப்பது, நாற்பது ஆண்டுகள் உலகம் பொறியால் பேசியது. அதற்குப் பிறகு இன்றுவரை, பொறியிடமிருந்து பேச்சைக் காப்பாற்றுவதே பெரிய வேலையாக இருக்கிறது.

வைண்டிங் பட்டறையும் தறியும் கிரைண்டரும் போர் மோட்டாரும் மலிந்த கொங்கு நாட்டில் பொறிக்குப் பஞ்சமில்லை. அதனால் இந்த வரலாற்றை ஒலிபரப்புக் கோபுரத்தின் பக்கம் நின்று சொல்லாமல், தோட்டத்துச் சாளை வீட்டில் கரகரத்துக்கொண்டிருக்கும் ரேடியோவின் பக்கம் நின்று சொல்கிறேன். இடையிடையே செய்து பார்க்கவும் சில உண்டு. சாமான்கள் பெரும்பாலும் பட்டறைகளிலும் மைக்செட்காரரிடமுமே கிடைக்கும்.

மின்னும் காந்தமும் கூடி அலையாக ஒளியின் வேகத்தில் ஓடும் என்று ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் கணக்குப் போட்டுக் காட்டியது 1865இல். அதை மேசைமேல் காட்ட இருபது ஆண்டுக்கு மேல் பிடித்தது. பொறியை உண்டாக்குவது அப்போதே எளிது. வந்து சேர்ந்த அலையை உணரத்தான் ஆள் இல்லை. ஹெர்ட்ஸ் தூண்டுசுருள் ஒன்றால் இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே பொறி பறக்கவிட்டார். சில மீட்டர் தள்ளி, வளைத்த கம்பி ஒன்று. அதன் இரு முனைகளுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. இருட்டறையில் அந்த இடைவெளியிலும் ஒரு குட்டிப் பொறி மின்னியது. பேட்டரி இல்லை, பெருக்கி இல்லை. கண்ணே கருவி. இதை வைத்துக்கொண்டு அறையைத் தாண்ட முடியாது.

தாண்டவைத்தது உலோகத் தூள். பாரிஸில் எட்வார் பிரான்லி 1890இல் கண்டது இது: குழாயில் தளர்வாக நிரப்பிய உலோகத் தூள் மின்சாரத்தை விடவே விடாது, பக்கத்தில் எங்காவது பொறி தெறித்தால் சட்டென்று விட்டுவிடும், குழாயைத் தட்டினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். ஆலிவர் லாட்ஜ் இதற்குக் கொஹீரர் என்று பெயர் வைத்தார். ரஷ்யாவில் போப்பவ் 1895இல் இதைக் கொண்டு தொலைவில் வெட்டும் மின்னலைப் பதியும் கருவி ஒன்றைக் காட்டினார். மார்க்கோனி 1896இல் இங்கிலாந்தில் காப்புரிமைக்குக் கொண்டுபோன பெட்டிக்குள்ளும் உயிர்நாடி இதுதான். நிக்கல் தூளில் கொஞ்சம் வெள்ளி, அடைத்த கண்ணாடிக் குழாய், ஒவ்வொரு முறையும் தட்டிவிட மின்மணியின் சுத்தி.

கொஹீரரை ஒரு சாயங்காலத்தில் செய்துவிடலாம். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் உள்ள, உள்ளே இருப்பது தெரியும்படியான குழாய் 4 சென்டிமீட்டர் நீளம். இரு பக்கமும் இறுக்கமாக நுழையும் 5 எம்.எம். போல்ட். நடுவில் 3 மில்லிமீட்டர் இடைவெளி. அதில் பாதியளவுக்கு இரும்புத் தூள். லேத் அடியில் கிடக்கும் தூளை அள்ளி வராதீர்கள். கட்டிங் ஆயில் படிந்திருக்கும்; எண்ணெய்ப் படலம் இருந்தால் துகளோடு துகள் ஒட்டாது. கரடான அரத்தால் ஓர் இரும்பு ஆணியைப் புதிதாக ராவி எடுங்கள், மாவாகப் போகாமல் ரவை பதத்தில். இந்தக் குழாயோடு தொடராக இரண்டு பென்சில் செல், 150 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி. இரண்டு போல்ட்டிலும் ஆளுக்கு 30 சென்டிமீட்டர் ஒயர், எதிரெதிராக நீட்டியபடி. அரை மீட்டர் தள்ளி, அடுப்புப் பற்றவைக்கும் பொறி லைட்டரை அழுத்தினால் எல்.இ.டி. எரியும், எரிந்துகொண்டே இருக்கும். பென்சிலால் குழாயை ஒரு தட்டுத் தட்டினால் அணையும்.

எரியவே இல்லை என்றால் தூள் தளர்வு. ஒரு போல்ட்டை இம்மியளவு உள்ளே தள்ளுங்கள். தட்டியும் அணையவில்லை என்றால் தூள் இறுகிவிட்டது, அல்லது செல் அதிகம். ஒன்பது வோல்ட் பேட்டரி போட்டால் பொறியே இல்லாமல் தானாக ஒட்டிக்கொள்ளும். நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்றால் துரு. நிக்கலை மார்க்கோனி தேர்ந்ததன் அருமை அப்போது புரியும். ஒரு எச்சரிக்கை: லைட்டரில் நீள ஒயர் கட்டித் தூரத்தைக் கூட்டும் ஆசை வரும், வேண்டாம். அது சுற்றுவட்டாரத்து ரேடியோவையெல்லாம் கெடுக்கும் அனுப்புகருவி. உரிமம் இல்லாமல் அலை அனுப்புவது சட்டப்படி குற்றம்.

கொஹீரருக்குத் தெரிந்தது ஒரே சொல்: வந்தது. எவ்வளவு வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று அதனால் சொல்ல முடியாது. மின்னலும் மோர்ஸ் தந்தியின் புள்ளியும் அதற்கு ஒன்றுதான். அனுப்பும் பக்கத்திலும் இதே சிக்கல். பொறி என்பது ஆண்டெனாவைச் சுத்தியால் ஒரு அடி அடிப்பது மாதிரி. மணியை அடித்தால் நீளமாக இழைந்து ஒரே சுருதியில் ஒலிக்கும். தகர டின்னை அடித்தால் எல்லாச் சுருதியும் கலந்து உடனே அடங்கும். ஆரம்பகாலப் பொறி அனுப்பிகள் தகர டின்கள். ஒருவர் அனுப்பினால் ஊரே கேட்டாக வேண்டும். லாட்ஜ் 1897இலும், 7777 என்ற எண்ணுக்காகவே பேர்போன காப்புரிமையில் மார்க்கோனி 1900இலும் சுருதி சேர்க்கும் வழி சொன்னார்கள். டின் கொஞ்சம் மணியானது, அவ்வளவே. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கில் இருந்ததும் 5 கிலோவாட் பொறி அனுப்பிதான். 1927 வாஷிங்டன் மாநாட்டில் பொறி அனுப்பிகளை ஒழிக்கும் வேலை தொடங்கி, 1930களில் அவை சட்டத்துக்குப் புறம்பாயின.

1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்தின் போல்டுவிலிருந்து கிளம்பிய மூன்று புள்ளிகளை, மோர்ஸ் மொழியில் எஸ் எழுத்தை, அட்லாண்டிக்குக்கு அப்பால் நியூஃபவுண்ட்லாந்தில் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். பட்டத்தில் கட்டிய ஆண்டெனா. கேட்டது டெலிபோன் காதுக்குழலில். அலையை உணர்ந்தது பாதரசக் கருவி. இரும்பும் பாதரசமும் தொட்டுக்கொள்ளும் அப்படிப்பட்ட ஒரு கருவியை 1899இலேயே ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரையில் ஜகதீஷ் சந்திர போஸ் விவரித்திருந்தார். யார் முதல் என்ற சண்டையில் எனக்கு அக்கறை குறைவு. போஸைப் பற்றிப் பேச வேண்டியது வேறு ஒன்றுக்காக. அவர் 1895இல் கல்கத்தாவில் சுவர்களுக்கு அப்பால் மணியடித்துக் காட்டியவர். சில மில்லிமீட்டர் நீள அலைகளை அப்போதே கையாண்டவர். 1901இல் விண்ணப்பித்து 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அவருடைய கலீனாக் கல் உணரிதான் உண்மையான திருப்பம். ஈயமும் கந்தகமும் சேர்ந்த அந்தப் பளபளக்கும் கல்லின்மேல் ஒரு முனை பட்டால், மின்சாரம் ஒரு திசையில்தான் எளிதாகப் போகும். தட்டத் தேவையில்லை. அலை கூடினால் கூடும், குறைந்தால் குறையும். ‘வந்தது’ என்று மட்டும் சொன்ன கருவிக்குப் பதிலாக ‘இவ்வளவு வந்தது’ என்று சொல்லும் கருவி. குரலும் பாட்டும் நுழைய வழி திறந்தது அதனால்தான்.

கல் ரேடியோவைக் கட்டாயம் செய்து பாருங்கள். பேட்டரியும் கரண்டும் இல்லாமல், அலையின் பலத்திலேயே பாடும் ரேடியோ அது. முதலில், சாதாரண டிரான்சிஸ்டர் ரேடியோவில் உங்கள் இடத்தில் கோவை நிலையம் மீடியம் வேவ் 999 கிலோ ஹெர்ட்ஸில் பலமாகக் கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மீடியம் வேவ் ஒலிபரப்பிகள் பல ஊர்களில் மூடப்பட்டு வருகின்றன. அலையே இல்லாத இடத்தில் சுருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

சுருளுக்கு 63 எம்.எம். பி.வி.சி. பைப், ஒரு சாண் துண்டு. சொட்டுநீர் போடும்போது மிஞ்சிய துண்டு எந்தத் தோட்டத்திலும் கிடக்கும். வைண்டிங் பட்டறையில் 26 கேஜ் இனாமல் ஒயர் 25 கிராம் கேளுங்கள். 60 சுற்றுக்கு 12 மீட்டர் சொச்சம் ஆகும். எடை 20 கிராமுக்குள். நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சுற்றினால் சுருள் 3 சென்டிமீட்டர் நீளம் வரும், தூண்டம் ஏறத்தாழ 240 மைக்ரோ ஹென்றி. ஒவ்வொரு பத்தாவது சுற்றிலும் ஒரு காது முறுக்கி வெளியே விடுங்கள். 999க்குச் சுருதி சேர இந்தச் சுருளோடு சுமார் 105 பிகோ ஃபாரட் வேண்டும். ஆகவே பழைய வால்வு ரேடியோவில் நிலையம் மாற்றத் திருப்பும் பெரிய கேங் கண்டன்சர் கிடைக்காவிட்டாலும், பாக்கெட் டிரான்சிஸ்டரின் பிளாஸ்டிக் கேங்கில் 140 பிகோ ஃபாரட் உள்ள பக்கமே போதும்.

இணைப்பு சுருக்கமானது. சுருளின் அடிமுனை எர்த்துக்கு. ஆண்டெனா, அடியிலிருந்து பத்தாவது அல்லது இருபதாவது சுற்றுக் காதுக்கு. கேங், சுருளின் இரு முனைகளுக்கும் குறுக்கே. மேல்முனையிலிருந்து டையோடு, டையோடின் மறுபக்கத்துக்கும் எர்த்துக்கும் நடுவே காதுக்குழல். டையோடு ஜெர்மானியமாக இருக்க வேண்டும்: ஓ.ஏ.79, அல்லது 1என்34ஏ. கிடைக்காவிட்டால் பி.ஏ.டி.85 வகை ஷாட்கி. கடையில் கையை நீட்டினால் வரும் 1என்4007 உதவாது. சிலிக்கான் டையோடு வாய் திறக்க 0.6 வோல்ட் வேண்டும்; ஆண்டெனாவிலிருந்து வருவது அதில் ஒரு துளி.

காதுக்குழலில்தான் பலர் தோற்பார்கள். செல்போன் இயர்போன் 32 ஓம். இந்தச் சுற்றை அது அப்படியே குறுக்கிக் கொன்றுவிடும். மைக்செட்காரரிடம் குழாய் ஸ்பீக்கருக்குப் போடும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர் பழையது ஒன்று வாங்குங்கள். அதில் 1 வாட் முனைக்குக் கணக்கு 10,000 ஓம். அந்தப் பக்கம் டையோடுக்கு, ஸ்பீக்கர் பக்கம் இயர்போனுக்கு. கோவில் திருவிழாவுக்கு அலறிய டிரான்ஸ்ஃபார்மர் இங்கே திருப்பிப் போட்டு முணுமுணுக்கிறது. கிரிஸ்டல் இயர்போன் வைத்திருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், ஆனால் அதற்குக் குறுக்கே 47 கிலோ ஓம் போட மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் ஒரு நொடி கேட்டு அடைத்துக்கொள்ளும்.

ஆண்டெனா 20 முதல் 30 மீட்டர் ஒயர், வேப்பமரத்துக்கும் சாளை முகட்டுக்கும் நடுவே, ஆள் உயரத்துக்கு மூன்று நான்கு மடங்கு மேலே. இரு முனையிலும் நைலான் கயிறு வைத்துக் கட்டுங்கள், மரத்தை ஒயர் நேராகத் தொட வேண்டாம். மின்கம்பிக்கு மேலோ கீழோ போகவே கூடாது. அறுந்து விழுந்தால் உயிர் போகும். எர்த் என்றதும் மோட்டார் ஸ்டார்ட்டரின் எர்த்தைத் தேடுவோம். அதில் லைன் கரகரப்பு முழுவதும் ஏறி வரும், கசிவு இருந்தால் அடிக்கவும் செய்யும். இரும்புக் கேசிங் இறக்கிய போர் இருந்தால் அதைவிட நல்ல எர்த் இல்லை. பி.வி.சி. கேசிங் என்றால் பயனில்லை. ஒன்றரை மீட்டர் இரும்புக் கம்பியைத் தண்ணீர்த் தொட்டி ஓரமாக அறைந்து ஈரம் வைத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் பக்கத்துச் சரளைக் காட்டில் சித்திரை மாதம் எர்த் காய்ந்துபோய் நிலையம் பாதியாகக் குறைவதைக் காதாலேயே அளக்கலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் ஓசை இல்லை என்றால் பத்துக்கு எட்டுத் தடவை ஒரே காரணம்: இனாமலைச் சுரண்டாமல் பற்றவைத்தது. செம்பு நிறமாகத்தான் தெரியும், ஆனால் மேலே வார்னிஷ் இருக்கும். பிளேடால் சுரண்டி, வெள்ளீயம் பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் பற்றவையுங்கள். இடிமேகம் தெரிந்தால் ஆண்டெனாவைக் கழற்றி வெளியிலேயே எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். மேகம் தலைக்கு மேல் வந்த பிறகு அந்த ஒயரைத் தொடாதீர்கள்.

வால்வுக் காலத்தைப் பற்றி எழுத நிறைய பேர் இருப்பதால் வேகமாகத் தாண்டுகிறேன். ஃப்ளெமிங் 1904இல் இரண்டு முனை வால்வு (காற்றை நீக்கிய கண்ணாடிக் குழல்), டி ஃபாரஸ்ட் 1906இல் மூன்று முனை. மூன்றாவது முனையால் சின்ன அலையைப் பெரிதாக்கலாம், தேயாத அலையை உண்டாக்கலாம். பொறிக்குச் சாவுமணி அதுதான். நம் பக்கம் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் 1924 ஜூலை 31 அன்று 40 வாட் கருவியோடு ஒலிபரப்பத் தொடங்கியது. இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பும் ஒரு ஜூலை 31தான், 1995இல். கிளப் பணமில்லாமல் மூடிய பிறகு மாநகராட்சி 1930இல் தொடர்ந்தது. 1938இல் ஆல் இந்தியா ரேடியோ சென்னைக்கு வந்தது, மறு ஆண்டு திருச்சிக்கு. கோவையில் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். மின்சாரம் வராத ஊர்களில் ஓடியது பேட்டரி செட்: வால்வைச் சூடாக்க ஒன்றரை வோல்ட், இயக்க 90 வோல்ட் என்று இரண்டு பேட்டரி. ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் ஆண்டுதோறும் பணம் கட்டும் லைசென்ஸ் 1980களின் நடுவில்தான் ஒழிந்தது.

தாண்டக் கூடாத ஒன்று, அமெரிக்கரான எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் 1918இல் கண்ட சூப்பர்ஹெட் முறை. இன்றைய பாக்கெட் ரேடியோவரை ஓடுவது அதுதான். 999ஐக் கேட்க, ரேடியோ தனக்குள்ளே 1454இல் ஓர் அலையை உண்டாக்கிக் கலக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 455 கிலோ ஹெர்ட்ஸ். எந்த நிலையத்தைத் திருப்பினாலும் வித்தியாசம் 455ஆகவே இருக்கும்படி கேங்கின் இரண்டு பக்கமும் சேர்ந்தே திரும்பும். வடிகட்டுவதும் பெருக்குவதும் அந்த ஒரே எண்ணில் என்பதால் வேலை சுத்தம். மஞ்சள், வெள்ளை, கறுப்பு நிறத் தலையுள்ள ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மர்களை ஸ்க்ரூ டிரைவரால் ஆசைக்குத் திருகிப் பார்ப்பவர்கள் கெடுப்பது இந்த 455ஐத்தான். நம் மீடியம் வேவ் நிலையங்களின் எண்ணெல்லாம் ஏன் 9ஆல் வகுபடுகிறது என்பதற்கும் காரணம் உண்டு. 999ஐ வகுத்தால் 111, திருச்சியின் 936ஐ வகுத்தால் 104. நிலையத்துக்கு நிலையம் 9 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளி என்று 1975இல் ஜெனிவாவில் தீர்மானித்து, 1978 நவம்பரில் நடைமுறைப்படுத்தினார்கள்.

சுருதி இவ்வளவு சுத்தமான பிறகும் கரகரப்பு ஏன் நுழைகிறது? தகர டின் எல்லாச் சுருதியிலும் ஒலிக்கும் என்றோமே, 999லும் அதன் பங்கு இருக்கும். வடிகட்டி என்ன செய்யும் பாவம்.

சோமனூர், பல்லடம் பக்கம் ரேடியோ இரைந்தால் தறியின் மேல் பழி போடுவார்கள். தறி மோட்டார் இண்டக்ஷன் மோட்டார். அதில் பிரஷ் கிடையாது, ஓடும்போது பொறி இல்லை. கிரைண்டர் மோட்டாரும் கிளம்பும்போது ஒரு ‘டக்’கோடு சரி. இரைச்சல் வருவது தளர்ந்த ஃப்யூஸ் கேரியரிலிருந்தும், கரி பிடித்த ஸ்டார்ட்டர் கான்டாக்டிலிருந்தும்தான். அப்படி ஒரு கரகரப்பு கேட்டால் ரேடியோவைத் திட்டாமல் மெயின் போர்டைப் பாருங்கள். அங்கே ஏதோ சூடாகிக்கொண்டிருக்கிறது.

எது எங்கிருந்து வருகிறது என்று காதே சொல்லும். கீச்சிட்டு, வேகத்துக்குத் தக்கபடி ஏறி இறங்கினால் மிக்ஸி, டிரில் மெஷின். இடைவிடாமல், திருப்பும் இடத்துக்கு இடம் கூடிக் குறைந்து ஒரே மாதிரி இரைந்தால் எல்.இ.டி. பல்பு, சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர். இது பொறியே இல்லை, நொடிக்கு ஆயிரக்கணக்கில் அணைந்து எரியும் ஸ்விட்ச். ‘கிர்ர்ர்’ என்று தடித்த முரட்டு இரைச்சல் என்றால் மின்கம்பம். 50 சைக்கிள் மின்சாரம் நொடிக்கு 100 தடவை உச்சம் தொடுவதால் 100 தடவை பொறி. வெயிலில் இரைந்து மழையில் நின்றால் எங்கோ இரும்போடு இரும்பு தளர்ந்திருக்கிறது. தூறலில் கூடினால் இன்சுலேட்டர் விரிசல் அல்லது அழுக்கு. கம்பத்தைக் கண்டுபிடிக்க, ரேடியோவுக்குள் ஆண்டெனாவாக இருக்கும் கறுத்த ஃபெரைட் ராடே போதும். ரேடியோவைக் கிடையாகப் பிடித்து மெல்லச் சுற்றுங்கள். இரைச்சல் மிகக் குறையும் நிலையில் ராடின் முனை நேராகக் காட்டுவது பொறியின் திசை. கொஞ்ச தூரம் தள்ளிப் போய் இன்னொரு தடவை பார்த்தால் இரண்டு கோடும் சந்திக்கும் இடம் கிடைக்கும். லைன்மேனிடம் கம்பத்தின் எண்ணைச் சொல்லுங்கள். கம்பத்தைத் தட்டிப் பார்க்கவோ ஸ்டே கம்பியை உலுக்கவோ வேண்டாம்.

கரகரப்புக்குப் பயந்து ஆர்ம்ஸ்ட்ராங் 1933இல் காப்புரிமை பெற்றது எஃப்.எம். முறைக்கு. அதில் பேச்சு அலையின் பலத்தில் இல்லாமல் அதிர்வெண்ணில் ஏறிவிட்டது. பொறி பலத்தைத்தான் கெடுக்கும், ரேடியோ அதைச் சீவி எறிந்துவிடும். விலையாகக் கொடுத்தது தூரம். இந்த அலை மலையைச் சுற்றி வளையாது. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில். கொடைக்கானல் தாராபுரம் சமவெளியைவிட 1,700 மீட்டர் உயரம் என்று வைத்தாலும் 170 கிலோமீட்டர் வரும். 100.5 மெகா ஹெர்ட்ஸில் கொடை எஃப்.எம். காங்கேயத்திலும் திருப்பூரிலும் தெளிவாகக் கேட்பது அதனால். மலையை ஒட்டிய ஊர்களில் சில இடங்களில் அது விட்டு விட்டுத்தான் கேட்கும். அது மலையின் நிழல். ஒயரை நீட்டிப் பயனில்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

இன்று கொங்குத் தோட்டங்களில் அதிகம் உழைக்கும் கம்பியில்லாக் கருவி செல் ஸ்டார்ட்டர். மும்முனை மின்சாரம் நடுச்சாமத்தில் வந்தால் வீட்டிலிருந்தே ஒரு அழைப்பில் மோட்டார் ஓடும். உள்ளே ஒரு சிம், ஒரு மோடம், இரண்டு ரிலே. ஒன்று ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக, இன்னொன்று ஸ்டாப் பட்டனுக்குத் தொடராக; இரண்டு மூன்று நொடி இழுத்து விடும். கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால். 2ஜி மோடம் பேசும் கணத்தில் 2 ஆம்பியர்வரை இழுக்கும். பவர் சப்ளை சோடை என்றால் வோல்ட்டேஜ் இறங்கி மோடம் அணைந்து எழும், மறுபடி பேச முயலும், மறுபடி அணையும். மோடத்தின் காலடியிலேயே 1000 மைக்ரோ ஃபாரட் கண்டன்சர் ஒன்று போட்டால் பாதி வியாதி தீரும். இரண்டாவது, மோட்டார் ரூமின் தகரக் கூரை. ஆண்டெனாவைப் பெட்டிமேல் ஒட்டிவைத்தால் தகரப் பெட்டிக்குள் போட்டு மூடியதற்குச் சமம். வெளியே எடுத்துக் கூரைக்கு மேல் நிறுத்த வேண்டும். கேபிளை ஐந்தாறு மீட்டருக்கு மேல் நீட்டினால் பிடித்த சிக்னலைக் கேபிளே தின்றுவிடும். வாங்கும்போதே எத்தனை ஜி என்று கேளுங்கள். ஜியோவுக்கு 2ஜி வலையே இல்லாததால், 2ஜி ஸ்டார்ட்டரில் அந்த சிம் ஊமை.

2ஜி போன் அழைப்பு வரும் முன் ஸ்பீக்கரில் ‘டிடிக் டிடிக் டிர்ர்’ என்று கேட்குமே, அதுவும் நம் பழைய ஆள்தான். 2ஜியில் போன் தொடர்ந்து பேசாது. நொடிக்கு 217 தடவை வெட்டி வெட்டிப் பேசும். ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் சந்தி, போஸின் கலீனாக் கல் போல அதை ஒருபக்கமாக்கி நமக்குக் கேட்கவைக்கிறது. கேட்கும் ஆசையே இல்லாத ஒரு கல் ரேடியோ. ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ஃபெரைட் வளையம் மாட்டினால் வாயை மூடும்.

மேற்கே நீலகிரியில், ஊட்டியை அடுத்த முத்தோரையில், இந்தப் பக்கத்தின் ஆகப்பெரிய காது இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் கட்டி 1970இல் இயங்கத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கேட்பது 326.5 மெகா ஹெர்ட்ஸில். மலைச்சரிவு ஏறத்தாழ 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. அதனால் தொட்டில் போன்ற அந்தத் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே அச்சில் திருப்பினாலே விண்மீனைத் தொடர முடிகிறது. இடத்தைத் தேர்ந்த புத்திசாலித்தனத்துக்காகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பொறியைக் கேட்பதால் ஆதாயம் உண்டா? மேட்டுப்பாளையம், தடாகம், ஆனைகட்டிப் பக்கம் மலையோரத் தோட்டக்காரர்களுக்கு உண்டு. சோலார் வேலியின் பெட்டி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை சில ஆயிரம் வோல்ட்டைக் கணநேரம் கம்பியில் தட்டும். கம்பி எங்காவது சரியாகத் தொட்டும் தொடாமலும் இருந்தால் அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பொறி. வேலியின் பலம் அதில் வடிந்துபோகும். பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவ் கீழ்க்கோடியில், நிலையம் இல்லாத இடத்தில் வைத்து, சத்தத்தைப் பாதிக்கு ஏற்றி, கம்பியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வேலியோடு நடந்து போங்கள். பெட்டி அருகே மெல்லிய டிக் டிக் எப்போதும் இருக்கும். அது சன்னமாகிக்கொண்டே போய், ஓர் இடத்தில் ‘டக் டக்’ என்று தடித்தால், தாண்டிப் போய்த் திரும்பி வந்து உச்சம் எங்கே என்று பாருங்கள். அங்கே விரிந்த இன்சுலேட்டர் இருக்கும். அல்லது சாய்ந்த உண்ணிச்செடி. அல்லது துருப்பிடித்த முறுக்கு முடிச்சு. பெட்டியை அணைத்துவிட்டுத்தான் செடியை வெட்ட வேண்டும். கம்பி அறுந்து ஈர மண்ணில் முழுதாகக் கிடந்தால் பொறியே வராது, ரேடியோ பேசாது. வேலி டெஸ்டர்தான் துணை. வேலியில் மெயின் கரண்டை நேராக விடுகிறவர்களுக்கு இந்தப் பத்தியில் இடமில்லை. அது உயிர்களைக் கொல்லும் குற்றம்.

ஹெர்ட்ஸ் இருட்டறையில் பார்த்த மாதிரி, இருட்டிய பிறகு போனால் ரேடியோ இல்லாமலே பொறி கண்ணுக்குத் தெரியும். ஆனால் யானை இறங்குகிற நேரமும் அதுதான். வெளிச்சத்தில் ரேடியோவோடு போங்கள்.